குரூஸர் பைக்கின் உயரத்தைக் குறைப்பது: எதற்காக, எவ்வளவு, எப்படி

குரூஸர் வண்டிகள் இயல்பிலேயே தாழ்ந்தவை. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-ன் சீட் உயரம் 765 மி.மீ., சூப்பர் மீட்டியோர் 650-ல் 740 மி.மீ., பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸில் 737 மி.மீ. அப்படியும் இன்னும் ஓர் இஞ்ச் இறக்க முடியுமா என்று கேட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் குறைவதில்லை. இறக்கலாம். ஆனால் எதற்காக இறக்குகிறோம் என்பதைப் பொறுத்து, கை வைக்க வேண்டிய இடமே மாறும். சீட்டில் தீரக்கூடிய சிக்கலுக்கு சஸ்பென்ஷனைக் குறைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பால் விலை கொடுப்பவர்களே அதிகம்.

காரணங்கள்: எது நிற்கும், எது நிற்காது

முதல் காரணம் கால் எட்டாமை. எல்லாவற்றிலும் நியாயமானது இதுதான். சூப்பர் மீட்டியோர் 650-ன் எடை 241 கிலோ. நேராக நிற்கும்போது அந்த எடையை டயர்கள் சுமக்கின்றன. 5 டிகிரி சாய்ந்தால் அதைப் பக்கவாட்டில் தாங்க ஏறத்தாழ 21 கிலோ விசை வேண்டும். 10 டிகிரி சாய்ந்தால் 42 கிலோ. பாதம் முழுதாகத் தரையில் இருந்தால் தொடையும் இடுப்பும் சேர்ந்து இதைத் தாங்கிவிடும். விரல் நுனியில் நிற்பவருக்குக் கணுக்கால் மட்டுமே துணை. சிக்னலில் ஜல்லி மேல் கால் வழுக்கினாலும், சரிவில் வண்டியைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தாலும் வண்டி விழுவது இதனால்தான். மூட்டு வலி, இடுப்பு அறுவை சிகிச்சை, ஒரு கால் சற்றுக் குட்டை என்று வருபவர்களுக்கும் இதே கணக்கு.

இரண்டாவது காரணம் மெதுவாக ஓட்டும்போது கிடைக்கும் தைரியம். நெரிசலில் ஊர்வது, யூ-டர்ன் அடிப்பது, பார்க்கிங்கில் நுழைப்பது எல்லாம் கால் எட்டும் என்று தெரிந்தால் சுலபமாகிவிடும். இது முதல் காரணத்தின் நீட்சிதான். ஆனால் புதிதாக ஓட்டுபவர்களுக்கு மிகப் பெரிய விஷயம்.

மூன்றாவது, எடை மையம் தாழும், வண்டி நிலைத்து ஓடும் என்பது. பாதிதான் உண்மை. ஆளும் வண்டியும் சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 25 மி.மீ. இறக்குவது 4 சதவீத மாற்றம். பிரேக் பிடிக்கும்போது முன்னால் பாயும் எடையும் அதே 4 சதவீதம்தான் குறையும். நேர்க்கோட்டில் சீறிப் பாயும் டிராக் (drag) ரேஸில் முன்சக்கரம் தூக்காமல் இருக்க வண்டியைத் தாழ்த்துவார்கள். அங்கே ஒவ்வொரு சதவீதத்துக்கும் மதிப்பு உண்டு. ஈ.சி.ஆரில் 80 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

நான்காவது, தோற்றம். இதைக் குறைவாகப் பேச வேண்டியதில்லை. குரூஸர் என்ற வகையே தோற்றத்தில் பிறந்தது. ஹார்லி-டேவிட்சன் 1977-ல் லோ ரைடரைக் கொண்டுவந்தது சீட்டையும் வண்டியின் நிற்கும் கோணத்தையும் தாழ்த்தித்தான். 1984-ல் வந்த சாஃப்டெய்ல், பின் ஷாக்குகளை வண்டிக்கு அடியில் ஒளித்து, சஸ்பென்ஷனே இல்லாத பழைய பைக் போலக் காட்டியது. பின் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி குறைந்தால் வண்டி நீளமாக, கனமாகத் தெரியும் என்பது நிஜம். தோற்றத்துக்காகவே இறக்குகிறவர் தனியாக ஓட்டுபவராகவும், போகும் சாலைகளைத் தெரிந்து வைத்திருப்பவராகவும் இருந்தால் தவறில்லை. வாரம் நான்கு நாள் பின்னால் ஆள் ஏற்றுகிறவர் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

முதலில் அளக்கவும்

எத்தனை மி.மீ. வேண்டும் என்று தெரியாமல் யாரும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. சமதளத்தில் வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, வழக்கமாக அணியும் ஷூவோடு ஏறி உட்காருங்கள். வண்டி நேராக நிற்கும் நிலையில், இரண்டு பாதங்களுக்கும் அடியில் பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். குதிகால் இரண்டும் அழுந்தப் பதியும் இடத்தில் நிறுத்தி, பலகைகளின் மொத்தக் கனத்தை அளந்தால் அதுதான் உங்கள் தேவை.

அந்த எண் பெரும்பாலும் நினைத்ததைவிடச் சிறியதாகவே வரும். இரண்டு குதிகாலும் பதிந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இடது பாதம் முழுதாகவும், வலது பாதத்தின் முன்பகுதி உறுதியாகவும் பதிந்தால் அன்றாட ஓட்டத்துக்குப் போதும். அந்த அளவுக்கான பலகைக் கனத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் முடிவெடுக்க வேண்டும்.

சஸ்பென்ஷனைத் தொடாமலே கிடைப்பது

சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, கால் நேராக இறங்காமல் வெளியே போய்ச் சுற்றி இறங்கும். அந்த அகலத்தை இருபுறமும் 15 மி.மீ. செதுக்கினாலே கால் தரைக்கு நெருங்கும். சீட்டின் உயரத்தைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை. நல்ல சீட் கடைக்காரர் ஃபோமை அடியிலிருந்து வெட்ட மாட்டார். மேலிருந்து செதுக்கி, அடர்த்தியான ஃபோமை மேலே ஒட்டி, உறையை மறுபடி தைப்பார். 20 முதல் 25 மி.மீ. வரை இப்படிக் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் சீட்டின் அடித்தட்டு உறுத்தும். வண்டிக் கம்பெனியே தாழ்ந்த சீட்டை அக்சஸரியாக விற்கிறதா என்று முதலில் கேளுங்கள். பழைய சீட்டை அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஷூவின் அடி 10 மி.மீ. கனமாக இருந்தால் இன்னொரு 10 மி.மீ. கைக்கு வந்துவிடும்.

அடுத்தது பிரீலோடு, அதாவது சுமை ஏறுமுன்பே ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறோம் என்பது. மீட்டியோர் 350-ன் பின் ஷாக்கில் 6 படிகள் உண்டு. தனியாக ஓட்டும் எடை குறைந்தவரின் வண்டியில் அது மூன்றாவது நான்காவது படியில் நின்றுகொண்டிருக்கும். அதை இறக்கினால், ஸ்பிரிங் எத்தனை மி.மீ. தளர்கிறதோ ஏறத்தாழ அத்தனை மி.மீ. பின்பக்கம் தாழும். இரண்டு ஷாக்கிலும் ஒரே படியில் வைக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறும் நாளில் மறுபடி ஏற்றிக்கொள்ள மறக்கக் கூடாது.

இங்கே அளவு பார்க்கும் முறை ஒன்று உண்டு. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளக்கவும். பிறகு தரையில் இறக்கி, ஓட்டுபவர் முழு உடையோடு உட்கார, அதே அளவை மறுபடி எடுக்கவும். வித்தியாசம்தான் சாக் (sag), அதாவது சுமையில் வண்டி இறங்கும் அளவு. குரூஸரில் அது மொத்த ஓட்டத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சூப்பர் மீட்டியோரின் பின்சக்கர ஓட்டம் 101 மி.மீ.; எனவே சாக் 25 முதல் 30 மி.மீ. இதைத் தாண்டிப் பிரீலோடைத் தளர்த்தினால் பள்ளத்தில் ஷாக் முழுதாக அழுந்தி அடியில் இடிக்கும்.

தேவை 30 மி.மீ.க்குள் என்றால் சீட், ஷூ, பிரீலோடு மூன்றிலேயே வேலை முடிந்துவிடும். பாதிக்கு மேற்பட்டவர்கள் இங்கேயே நின்றுவிடலாம் என்பதே எங்கள் கருத்து.

இறக்கினால் எதை இழக்கிறோம்

ஓட்டம், தரை இடைவெளி, சாய்வு, ஸ்டியரிங் கோணம். நான்கும் ஒன்றோடொன்று பின்னியவை.

தரை இடைவெளியைக் கணக்கோடு பார்ப்போம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி கட்டிய வேகத்தடை 100 மி.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. சூப்பர் மீட்டியோரின் இரு சக்கரங்களுக்கு இடைத்தூரம் 1,500 மி.மீ. அந்த வளைவின் மேல் இரண்டு சக்கரமும் ஏறி நிற்கும்போது நடுவில் மேடு 17 மி.மீ.தான் எழும். ஆகவே முறையாகக் கட்டிய தடை எந்தத் தாழ்ந்த வண்டியையும் உரசாது. உரசுவது தெருமுனையில் சிமென்டைக் குவித்துவிட்ட, ஓரடி அகலமே உள்ள மேடுகள். அவை முழுதாக இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வந்து உட்காரும். சூப்பர் மீட்டியோரின் தரை இடைவெளி 135 மி.மீ. அதில் 25 குறைத்தால் 110. இருவர் ஏறி சஸ்பென்ஷன் இன்னொரு 40 மி.மீ. அழுந்தினால் மிஞ்சுவது 70. மேடு 100 மி.மீ. என்றால் சைலன்சரோ, என்ஜின் அடியோ தட்டும். மீட்டியோர் 350-ல் 170 மி.மீ. இருப்பதால் இவ்வளவு நெருக்கடி இல்லை. அந்த வகையில், தாழ்த்துவதற்கு 350 தான் தாங்கும் வண்டி. 650-ஐ இறக்குமுன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சாய்வும் அப்படித்தான். காலடிக் கட்டையின் நுனி வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 350 மி.மீ. தள்ளியும், தரையிலிருந்து 250 மி.மீ. உயரத்திலும் இருந்தால், சுமார் 35 டிகிரி சாய்வில் தரையைத் தொடும். 25 மி.மீ. இறக்கினால் 33 டிகிரிக்கு வந்துவிடும். மடங்கும் கட்டை உரசினால் சத்தத்தோடு போகும். மடங்காத சைலன்சரோ ஸ்டாண்டோ உரசினால் பின்சக்கரமே தரையை விட்டுக் கிளம்பும். ஏலகிரி, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அடிக்கடி போகிறவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஸ்டியரிங் கோணம்தான் பலரும் கவனிக்காதது. பின்பக்கத்தை மட்டும் 25 மி.மீ. இறக்கினால், 1,400 மி.மீ. சக்கர இடைத்தூரத்தில் வண்டி மொத்தமும் 1 டிகிரி பின்னால் சாயும். முன்ஃபோர்க்கின் சரிவு 1 டிகிரி கூடும். அதனால் டிரெயில் (ஸ்டியரிங் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் முன் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்) 6 முதல் 7 மி.மீ. அதிகரிக்கும். வண்டி வளைவில் சோம்பலாகத் திரும்பும், மெதுவேகத்தில் ஹேண்டில் தானாக உள்ளே விழும். முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் தலைகீழ்: சரிவு குறையும், ஹேண்டில் துறுதுறுவென ஆகும், வேகத்தில் ஆட்டம் வரும். இரண்டில் இதுதான் ஆபத்தானது. அதனால் இறக்குவதென்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. பின்பக்கம் மட்டும் என்றால் 10, 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. சீட், முன்னச்சிலிருந்து பார்த்தால் இடைத்தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி இருக்கிறது. எனவே பின்னால் 25 மி.மீ. இறக்கினால் சீட்டில் கிடைப்பது 17 மி.மீ.தான், மிச்ச 8 முன்பக்கத்தையும் அதே 25 மி.மீ. இறக்கினால்தான் வரும்.

பின்பக்கம்: ஷாக்கை மாற்றுவது

இரட்டை ஷாக் உள்ள வண்டியில் சரியான வழி ஒன்றே: நீளம் குறைந்த, ஆனால் ஸ்பிரிங் கடினம் கூடிய ஷாக். வாங்குமுன் மூன்று அளவுகள் வேண்டும்: மேல் கண்ணின் (போல்ட் நுழையும் துளையின்) நடுவிலிருந்து கீழ் கண்ணின் நடு வரை முழு நீளம், ஸ்ட்ரோக் (ஷாக் அழுந்தக்கூடிய தூரம்), முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வரும் அழுந்திய நீளம்.

மூன்றாவதில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். எடுத்துக்காட்டாக, பழைய ஷாக் 320 மி.மீ., ஸ்ட்ரோக் 80 என்றால் அழுந்திய நீளம் 240. புதியது 300 மி.மீ., ஆனால் ஸ்ட்ரோக் அதே 80 என்றால் அழுந்திய நீளம் 220. அதாவது, பெரிய பள்ளத்தில் சக்கரம் பழையதைவிட 20 மி.மீ.க்கும் மேலாக மட்கார்டுக்குள் ஏறும். டயர் மட்கார்டை அறுக்கும். அதன் அடியில் ஓடும் பின்விளக்கு ஒயரையும் சேர்த்து அறுக்கும். இரவில் பின்விளக்கு அணைந்துபோனது ஓட்டுபவருக்குத் தெரியாது. 300 மி.மீ., ஸ்ட்ரோக் 60 என்றால் அழுந்திய நீளம் பழைய 240 தான், டயருக்கு ஆபத்தில்லை.

ஆனால் ஸ்ட்ரோக் 80-லிருந்து 60 ஆனதும், அதே பள்ளத்தின் அடியை முழுதாக உள்வாங்க ஸ்பிரிங் 1.8 மடங்கு கடினமாக இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. ஸ்பிரிங் தாங்கும் ஆற்றல் ஓட்டத்தின் வர்க்கத்தோடு மாறுவதே காரணம். அவ்வளவு கடினமாக்கினால் சின்னச் சின்னக் குலுக்கலும் உடம்பில் ஏறும். நடைமுறையில் 20 முதல் 30 சதவீதம் கடினமான ஸ்பிரிங், அதுவும் போகப்போக இறுகும் வகை, முனையில் நல்ல ரப்பர் தாங்கி என்று சமரசம் செய்துகொள்ள வேண்டும். 25 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்: அதற்கப்பால் எந்த ஸ்பிரிங்கும் ஈடுகட்டாது. ஆர்டர் கொடுக்கும்போது ஓட்டுபவர் எடை, பின்னால் உட்காருபவர் எடை, சாமான் எடை மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கண்களின் உள்விட்டம், புஷ் அகலம், வலப்பக்கம் சைலன்சருக்கும் இடப்பக்கம் செயின் கார்டுக்கும் இடைவெளி ஆகியவற்றையும் அளந்துகொள்ளுங்கள்.

ஷாக் எவ்வளவு குட்டையாக வேண்டும் என்பதை வண்டியிலேயே கண்டுபிடிக்கலாம். ஷாக்குகளைக் கழற்றிய பின், சக்கரத்தை ஜாக்கியால் 50 மி.மீ. உயர்த்தி, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். 42 மி.மீ. குறைந்தால் விகிதம் 1.19. பின்சக்கரத்தில் 25 மி.மீ. இறங்க, ஷாக் 21 மி.மீ. குட்டையாக இருந்தால் போதும்.

மாட்டும் வேலை அரை நாள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தவும். இல்லையென்றால் என்ஜினுக்கு அடியில் சேசிஸ் குழாய்களில் மரப்பலகை வைத்து ஜாக்கி கொடுக்கவும். ஸ்விங் ஆர்மை (பின்சக்கரத்தைப் பிடித்தபடி மேலும் கீழும் ஆடும் கையை) தூக்கும் பேடாக் ஸ்டாண்டு இங்கே உதவாது, ஷாக்கைக் கழற்றியதும் வண்டி உட்கார்ந்துவிடும். டயருக்கு அடியில் இன்னொரு சின்ன ஜாக்கி வைத்து, ஷாக்கின் மேல் சுமை இல்லாதவாறு உயர்த்திக்கொள்ளவும். கீழ் போல்ட், பிறகு மேல் போல்ட். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று போட்டோ எடுத்துவிடுங்கள். இரண்டு ஷாக்கையும் கழற்றிய பிறகே புதியவற்றை மாட்ட முடியும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்று துளைகள் ஒத்துவராது. கண் துளைகளில் மெலிதாக கிரீஸ் தடவி, நட்டுகளைக் கையால் ஏற்றி, சக்கரம் தரையில் இறங்கி வண்டியின் எடை ஷாக்குகள் மேல் வந்த பிறகு டார்க் ரெஞ்சால் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கவும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இறக்கும் பிராக்கெட்டை வாங்காதீர்கள். அது ஷாக்கின் கீழ்முனையை ஸ்விங் ஆர்மில் இடம் மாற்றுகிறது. ஷாக்கின் ஸ்ட்ரோக் அப்படியே இருப்பதால் சக்கரம் அந்த அளவு கூடுதலாக மட்கார்டுக்குள் ஏறும். போதாததற்கு, போல்ட்டின் மேல் வளைக்கும் விசை விழும். ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றை வெட்டுவதும், வெல்டிங் சூட்டில் உட்கார வைப்பதும் அதைவிட மோசம். சூடேறிய ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும்; என்றைக்கு உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேஸ் நிரப்பிய ஷாக்கை எவரும் வெட்டித் திறக்கவே கூடாது.

முன்பக்கம்: ஃபோர்க்

சுலபமான வழி, ஃபோர்க் குழாய்களை மேல் டி, கீழ் டி (குழாய்களைப் பிடித்து வண்டியின் கழுத்தோடு இணைக்கும் தட்டுகள்) இரண்டிலும் மேலே நழுவவிடுவது. குழாயை இரண்டு டி-யிலும் பிஞ்ச் போல்ட் (குழாயைச் சுற்றி நெருக்கிப் பிடிக்கும் போல்ட்) மட்டும் பிடித்திருக்கும் வண்டிகளில் இது முடியும். மேல் டி-க்கு மேலே அகலமான மூடி உட்கார்ந்து குழாயைத் தடுத்தால் முடியாது.

நழுவவிடுமுன் இடம் இருக்கிறதா என்று கணக்கிட வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையில், மட்கார்டின் உச்சிக்கும் கீழ் டி-யின் அடிக்கும் (அல்லது நடுவில் வரும் ஹாரன், ஆயில் கூலர் எதுவோ அதற்கும்) உள்ள தூரத்தை அளக்கவும். அதில் ஃபோர்க்கின் ஓட்டத்தைக் கழிக்கவும். மீட்டியோர் 350-ல் ஓட்டம் 130 மி.மீ. அளவு 165 வந்தால் மிச்சம் 35, 20 மி.மீ. நழுவவிட்டால் 15 மி.மீ. காப்பு இருக்கும். 10-க்குக் கீழே போகக் கூடாது. பிரேக் பிடித்தபடி பள்ளத்தில் விழும்போது மட்கார்டு கீழ் டி-யில் மோதினால் சக்கரம் ஒரு கணம் நின்றுவிடலாம்.

என்ஜினுக்கு அடியில் தாங்கு கொடுத்து, முன்சக்கரம் தரையை மெல்லத் தொட்ட நிலையில் வேலையைத் தொடங்கவும். குழாயில் டி-யின் மேல் விளிம்பு வரும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். மேல் டி போல்ட்டுகளைத் தளர்த்தி, கீழ் டி-யில் ஒரு பக்கம் தளர்த்தி, குழாயைச் சற்றுத் திருகியபடி 5 மி.மீ. ஏற்றி இறுக்கவும், பிறகு மறுபக்கம். இப்படி மாறி மாறி, படிப்படியாக. இரண்டு குழாயும் அரை மி.மீ.கூட வித்தியாசமில்லாமல் நிற்க வேண்டும், வெர்னியரால் பார்க்கவும். வித்தியாசம் இருந்தால் அச்சு கோணலாகும், ஃபோர்க் சிக்கிச் சிக்கி ஓடும். முடித்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், ஏ.பி.எஸ். ஒயர் எதுவும் இழுபடவோ டயரில் தொங்கவோ இல்லை என்று பாருங்கள்.

உள்ளே கை வைக்கும் வழி இன்னொன்று. சாதாரண டாம்பர் ராடு ஃபோர்க்கில், ராடின் தலைக்கும் குழாயின் அடிமுனைக்கும் நடுவே இருக்கும் சிறிய எதிர் ஸ்பிரிங்கோடு ஒரு ஸ்பேசரைச் சேர்த்தால், ஃபோர்க் அந்த அளவு குறைவாக நீளும். 20 மி.மீ. ஸ்பேசர், 20 மி.மீ. தாழ்வு. அப்போது மெயின் ஸ்பிரிங்கின் மேலுள்ள பிரீலோடு ஸ்பேசரையும் அதே 20 மி.மீ. வெட்ட வேண்டும், இல்லையென்றால் பிரீலோடு 20 மி.மீ. ஏறி, ஃபோர்க் கட்டை போல நிற்கும். ஆயில் அளவை ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அழுத்தி, மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் மேலுள்ள காற்று இறுகி ஆயில் சீலைத் தள்ளிவிடும். வெறும் பிரீலோடு ஸ்பேசரை மட்டும் வெட்டி இறக்கிவிட்டேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்து ஃபோர்க் தொய்ந்திருக்கும், அவ்வளவுதான். சூப்பர் மீட்டியோரில் இருப்பது 43 மி.மீ. ஷோவா தலைகீழ் ஃபோர்க். அதன் உள்வேலை சஸ்பென்ஷன் மட்டுமே செய்யும் கடைக்கானது. தெருமுனைப் பட்டறைக்கானது அல்ல.

இறக்கிய பிறகு

சைடு ஸ்டாண்டை மறக்காதீர்கள். வண்டி தாழ்ந்ததும் அதே ஸ்டாண்டில் கூடுதல் நேராக நிற்கும். காற்றடித்தாலோ இடப்பக்கம் சற்று மேடாக இருந்தாலோ மறுபக்கம் சாய்ந்துவிடும். குறைக்க வேண்டிய அளவைப் பழைய சாய்வைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: இறக்குமுன் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் ஹேண்டில் முனைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தைக் குறித்து வைத்தால் பிறகு உதவும். ஸ்டாண்டை நடுவில் வெட்டிச் சேர்க்கும் வெல்டிங் முழு ஆழத்துக்கு ஏற வேண்டும். ஸ்டாண்டு சுவிட்ச் இருக்கும் வண்டியில் அதன் ஒயரை முதலில் கழற்றிவிடவும், பாட்டரி இணைப்பையும்தான். சென்டர் ஸ்டாண்டு போடவும் இனி வலு கூடுதலாக வேண்டும். பின்சக்கரத்தை 20 மி.மீ. பலகை மேல் ஏற்றிவிட்டுப் போட்டால் பழையபடி சுலபம்.

செயின் தொய்வை மறுபடி பார்க்கவும். ஸ்விங் ஆர்மின் கோணம் மாறியிருப்பதால் பழைய அளவு இப்போது பொருந்தாது. முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு மிஞ்ச வேண்டும். ஒருவர் கனமாக உட்கார்ந்திருக்க இன்னொருவர் பார்த்தால் போதும்.

பின்பக்கம் மட்டும் இறக்கியிருந்தால் ஹெட்லைட் 1 டிகிரி மேலே பார்க்கும். 10 மீட்டர் தூரத்துச் சுவரில் அது 17 செ.மீ. உயரம். எதிரில் வருபவர் கண்ணைக் கூசவைக்கும் அளவு அது. வேலைக்கு முன்பே சுவரில் சாக்பீஸால் ஒளிக்கோட்டைக் குறித்து வைத்து, பிறகு அதற்கே திருகி இறக்குங்கள்.

டயர் தட்டுகிறதா என்று அறிய, பின் மட்கார்டின் உள்பக்கம் மூன்று இடங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை 10 மி.மீ. கனத்துக்கு ஒட்டிவைத்து, இரண்டு பேர் ஏறி, தெரிந்த மோசமான சாலையில் 5 கி.மீ. மெதுவாக ஓட்டிவிட்டு வாருங்கள். களிமண் நசுங்கியிருந்தால் டயர் அங்கே 10 மி.மீ.க்குள் வருகிறது, இது போதாது, பிரீலோடை ஏற்றவோ ஷாக்கை மாற்றவோ வேண்டும். ஃபோர்க் குழாயின் பளபளப்பான பகுதியில் மெல்லிய கேபிள் டை ஒன்றைத் தளர்வாகக் கட்டிவிட்டால், எவ்வளவு ஓட்டம் பயன்பட்டது என்பதை அதுவே காட்டும். தினமும் கடைசிவரை போய் நின்றால் ஸ்பிரிங் மென்மை.

முதல் ஓட்டம் வெறிச்சோடிய நேர்ச்சாலையில், 30-ல் தொடங்கி 60 வரை. திரும்ப மறுத்தால் பின்பக்கம் அதிகம் இறங்கிவிட்டது. ஹேண்டில் நடுங்கினால் முன்பக்கம் அதிகம். ஃபோர்க் குழாய்களை டி-க்களில் 5 மி.மீ. பழைய நிலை நோக்கி இறக்கி, முன்பக்கத்தை உயர்த்திப் பாருங்கள். டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டே இந்த முடிவுகளுக்கு வரவும். காற்று குறைந்த முன் டயரும் வண்டியை இதேபோல் சோம்பலாக்கும். 50 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. விபத்தானால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இத்தகைய மாற்றங்களைத்தான். சீட்டும் பிரீலோடும் இந்தச் சிக்கலில் சிக்குவதில்லை. அவற்றை முதலில் முயலச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னும் வண்டியே வாங்காதவர், 690 மி.மீ. சீட் உள்ள ஹோண்டா ரெபெல், 705 மி.மீ. உள்ள கவாசாகி வல்கன் எஸ் போன்றவற்றில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வல்கனில் காலடிக் கட்டையையே மூன்று நிலைகளில் நகர்த்தி மாட்ட முடியும்.

கழற்றிய அசல் ஷாக்குகள், வாஷர்கள், ஸ்பேசர்கள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு, எது எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். ஷாக்கைப் படுக்க வைக்காமல், வண்டியில் நின்ற அதே வாக்கில் நிமிர்த்தி வையுங்கள். வாரன்டி வேலைக்குக் கொடுக்கும்போதும், வண்டியை உயரமான ஒருவருக்கு விற்கும்போதும் அவை அப்படியே தேவைப்படும்.